ஒரே மருந்து, இரண்டு பெயர்: அப்பாவுக்கு நடந்ததும், மருந்துப் பெயர்கள் பற்றிய சந்தேகங்களும்

கீழ்பவானிக்காரன் | காங்கேயம் பக்கம் | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கமுங்க. போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினால் எனக்கு மட்டுமல்ல, வயதானவர்களை வீட்டில் வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும்.

அப்பாவுக்கு 71 வயது. பிரஷருக்கு ரொம்ப வருடமாக ஒரே மாத்திரை, காலையில் ஒன்று. நடுவில் காய்ச்சல் வந்து வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் 4 நாள் படுத்திருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு துணிப்பை நிறைய மாத்திரை. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அப்பா பழையதையும் விடவில்லை, புதியதையும் விடவில்லை. பத்து நாள் இருக்கும். விடியற்காலையில் கட்டுத்தரையில் எருமைக்குத் தவிடு கலக்கிவிட்டு நிமிர்ந்தவர், தாழியின் விளிம்பைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். அம்மா போட்ட சத்தத்தில்தான் நான் எழுந்து ஓடினேன். பக்கத்துக் கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் 90-க்கு 60.

சாயங்காலம் பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினேன். பழைய பிரஷர் மாத்திரை அட்டை ஒரு நிறம், புது அட்டை வேறு நிறம். பெயர் வேறு, கம்பெனி வேறு, மாத்திரையின் வடிவமும் வேறு. ஆனால் அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தால் இரண்டிலும் ஒரே வரி: டெல்மிசார்டன் டேப்லெட்ஸ் ஐ.பி., 40 மி.கி. ஒரே மருந்தைத் தினமும் இரண்டு முறை விழுங்கியிருக்கிறார். காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் இருந்த உடம்பு வேறு. டாக்டர் ஒன்றை நிறுத்தச் சொன்ன பிறகு இப்போது நன்றாக இருக்கிறார்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்தாவதுக்கு மேல் படித்தவன், உரக்கடையில் மூட்டையைப் பார்த்ததும் 17:17:17 என்றால் என்னவென்று சொல்லத் தெரிந்தவன், அப்பா வாயில் போடும் மாத்திரையின் பெயரை ஒருநாளும் படித்ததில்லை. ஒரு மருந்துக்கு எத்தனை பெயர்? எதைப் படிக்க வேண்டும்? டிஸ்சார்ஜ் சீட்டில் பி.ஓ., ஐ.வி., எஸ்.எல்., ஓ.டி., எச்.எஸ். என்றெல்லாம் இருக்கிறது. அதெல்லாம் என்ன?

கோபி மருந்தாளுநர் | கோபிசெட்டிபாளையம் | ஞாயிறு இரவு 10.55

தம்பி, அப்பா நலமாக இருப்பது பெரிய நிம்மதி. 22 வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி இரட்டை மாத்திரை மாதத்துக்கு ஒன்றாவது என் மேஜைக்கு வருகிறது. அதனால் பொறுமையாகவே எழுதுகிறேன்.

ஒரு மருந்துக்கு மூன்று பெயர் உண்டு. முதலாவது வேதிப்பெயர். மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வது, அது நமக்கு வேண்டாம். இரண்டாவது பொதுப்பெயர், ஜெனரிக் பெயர். அதுதான் மருந்தின் சொந்தப் பெயர். மூன்றாவது வணிகப்பெயர், கம்பெனி வைத்துக்கொள்ளும் பிராண்டு. காய்ச்சல் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். குரோசின், கால்பால், டோலோ எல்லாம் பிராண்டு. உள்ளே இருப்பது பாராசிட்டமால். அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பும் டப்பாவில் அசிட்டமினோஃபென் என்று இருக்கும், அதுவும் இதேதான். பாரா அசிட்டைல் அமினோ ஃபீனால் என்ற வேதிப்பெயரிலிருந்து ஆளுக்கு ஒரு பக்கமாக எழுத்துகளைப் பொறுக்கி இரண்டு பெயர் வைத்துவிட்டார்கள். அதே மாதிரி இழுப்புக்குக் கொடுக்கும் நம்முடைய சால்பூட்டமால் அங்கே அல்பியூட்டரால்.

நாட்டுக்கு நாடு இப்படிக் குழம்பக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 1950-இல் சர்வதேசப் பொதுப்பெயர் முறையைத் தொடங்கியது. முதல் பட்டியல் 1953-இல் வந்தது. அந்தப் பெயர்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நம் ஊரில் பேரைக் கேட்டதும் எந்த ஊர்க்காரர் என்று மட்டுக்கட்டுகிற மாதிரி, மருந்துப் பெயரின் வாலைப் பார்த்தால் எந்தக் குடும்பம் என்று தெரியும். ‘சார்டன்’ என்று முடிந்தால் (டெல்மிசார்டன், லோசார்டன்) ஒரே வகை பிரஷர் மருந்து. ‘பிரில்’ என்று முடிவது (எனலாப்ரில், ராமிப்ரில்) இன்னொரு வகை. ‘டிபின்’ (அம்லோடிபின்), ‘ஓலால்’ (அட்டெனோலால், மெட்டோப்ரோலால்) எல்லாம் தனித்தனிக் குடும்பம். ‘ஸ்டாட்டின்’ கொழுப்புக்கு, ‘பிரசோல்’ வயிற்று அமிலத்துக்கு, ‘கிளிப்டின்’ சர்க்கரைக்கு, ‘சிலின்’ என்றால் பென்சிலின் வழி வந்த ஆன்டிபயாட்டிக். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் அமாக்சிசிலின் என்ற பெயரைப் பார்த்ததும் நிறுத்திக் கேட்க வேண்டும். இந்த ஒரு வாலைத் தெரிந்து வைத்திருந்தாலே உயிர் தப்பும்.

இனி அட்டை. 2018 செப்டம்பர் முதல், பொதுப்பெயரைப் பிராண்டு பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்று விதி. அட்டையைத் திருப்பி ‘ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியது’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். பெயரும் அளவும் அங்கே இருக்கும். ஐ.பி. என்பது இந்திய மருந்தியல் நூலின் தரப்படி செய்தது என்று பொருள். முக்கியமாக, பிராண்டு பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை விட்டுவிடாதீர்கள். வெறும் டெல்மிசார்டன் வேறு, பின்னால் ‘எச்’ சேர்ந்தால் அதனுடன் நீர் பிரியும் மருந்து சேர்ந்திருக்கும், ‘ஏ.எம்.’ என்றால் அம்லோடிபின் சேர்ந்திருக்கும். 625 என்று வருகிற ஆன்டிபயாட்டிக்கில் 625 என்பது ஒரே மருந்து இல்லை, 500 அமாக்சிசிலின், 125 கிளாவுலானிக் அமிலம். ‘எஸ்.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’ என்றால் மெதுவாகக் கரைகிற மாத்திரை, உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பொடித்தால் நாள் முழுக்கக் கரைய வேண்டியது அரை மணி நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

சீட்டில் இருக்கும் சுருக்கங்கள்: ஓ.டி. தினம் ஒன்று. பி.டி. இரண்டு வேளை. டி.டி.எஸ். மூன்று வேளை. எச்.எஸ். படுக்கும் நேரம். எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். ஆனால் கண் டாக்டர் சீட்டில் ஓ.டி. என்றால் வலது கண். ஒரே சுருக்கத்துக்கு இரண்டு பொருள் இருக்கிறது, அதனால் எங்கள் கடையில் அட்டை மேல் ‘காலை 1’ என்று தமிழில் எழுதித்தான் கொடுக்கிறோம்.

மருந்து போகும் வழியைப் பற்றி செவிலியர் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

நாமக்கல் வண்டிக்காரர் | நாமக்கல் | ஞாயிறு இரவு 11.20

அண்ணா, ஒரு சந்தேகம். ஜெனரிக் என்று மலிவாகக் கொடுப்பது கம்பெனி மாத்திரை அளவுக்குக் கேட்குமா? எங்கள் அம்மா அரசாங்க மாத்திரையே வேண்டாம் என்கிறார்.

கோபி மருந்தாளுநர் | கோபிசெட்டிபாளையம் | ஞாயிறு இரவு 11.48

உள்ளே இருக்கும் மருந்து ஒன்றேதான். மலிவுக்குக் காரணம் விளம்பரச் செலவும் பிராண்டு லாபமும் இல்லாதது. நம் மாநிலத்தில் அரசு ஆஸ்பத்திரி மருந்தை வாங்கிக் கொடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைந்தது. பொதுப்பெயரிலேயே மொத்தமாக வாங்குகிறது, ஒவ்வொரு தொகுதியும் ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் வெளியே போகிறது. 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் பொதுப்பெயரில் கேட்டு வாங்கலாம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை மாதிரி அளவு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தெரிந்துவிடுகிற மருந்துகளில், எந்தக் கம்பெனியில் சாப்பிடுகிறாரோ அதிலேயே தொடர்வது நல்லது. மாற்றினால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அட்டையைப் பார்த்து எழுதுங்கள், சொல்கிறேன்.

செவிலி | பெருந்துறை | திங்கள் காலை 6.15

நைட் டியூட்டி முடித்து வந்து இதைப் படித்தேன். தூங்கப் போகும் முன் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனது கேட்காது.

மருந்து எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பது பெயருக்குச் சமமான விஷயம். ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் வார்டுக்கு ஒரு பாட்டி வந்தார், கோயில்பாளையம் பக்கம். வெள்ளைப்படுதலுக்கு ஆறு மாத்திரை வாங்கிப் போயிருக்கிறார். கடையில் இருந்த பையன் கூச்சப்பட்டுக்கொண்டு, ‘ராத்திரிக்கு ஒண்ணு வெச்சுக்கங்க’ என்று மட்டும் சொல்லியிருக்கிறான். பாட்டி வாயில் வைத்துக்கொண்டார், ஆறு ராத்திரியும். வயிற்றெரிச்சலோடு வந்தார், நோயும் போகவில்லை. அது பிறப்புறுப்புக்குள் வைக்கும் மாத்திரை. சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு பெண் பணியாளரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம், தாளில் எழுதிக் கொடுக்கலாம். ‘வெச்சுக்கங்க’ என்ற ஒரு வார்த்தையால் அந்த அம்மா ஆறு நாள் கஷ்டப்பட்டார். குழந்தைகளுக்குக் காய்ச்சல், வலிப்புக்கு ஆசனவாயில் வைக்கும் மருந்திலும் இதே குழப்பம் வருகிறது.

சீட்டில் பி.ஓ. என்றால் வாய்வழி. எஸ்.எல். என்றால் நாக்குக்கு அடியில். இந்த இரண்டும் ஒரே வாயாக இருந்தாலும் பாதை வேறு. விழுங்கியது குடலில் உறிஞ்சப்பட்டு, அங்கிருந்து நேராகக் கல்லீரலுக்குத்தான் போகும். கல்லீரல் தலைமடைக்காரர் மாதிரி. அவர் எடுத்தது போக மிச்சம்தான் கடைமடைக்கு வரும். சில மருந்துகளை அது கிட்டத்தட்ட முழுசாகவே சிதைத்துவிடும். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட்டை நாக்கடியில் வைக்கச் சொல்வது அதனால்தான். அங்கே இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் வழியாகக் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு சில நிமிடத்தில் இதயத்துக்குப் போய்விடும். உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும், பிரஷர் சட்டென்று இறங்கும். ஐந்து நிமிடத்தில் வலி விடவில்லை என்றால் 108-க்கு அடியுங்கள்.

ஊசியில் நான்கு. ஐ.வி. என்றால் ரத்த நாளத்துக்குள், மருந்து முழுசும் உடனே ரத்தத்தில். ஐ.எம். தசைக்குள், கையிலோ இடுப்பிலோ தொடையிலோ. எஸ்.சி. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில், இன்சுலின் போடுவது அங்கேதான். இன்சுலின் ஒரு புரதம், விழுங்கினால் வயிறு அதை முட்டையை மாதிரி செரித்துவிடும், அதனால் வாய்வழி போகாது. ஐ.டி. தோலுக்குள்ளேயே, மேலாக. பி.சி.ஜி. போட்ட இடத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு சின்ன மேடு எழும்புமே, அதுதான் சரியாகப் போட்டதற்கு அடையாளம்.

ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றில் போடக் கூடாது. தசையில் போட வேண்டிய பென்சாத்தின் பென்சிலின் மாதிரி பால் நிற மருந்து நாளத்தில் போனால் அடைத்துக்கொள்ளும். காய்ச்சல் என்றதும் ‘ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க’ என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாயால் குடிக்க முடிகிறவருக்குக் குடிப்பதே போதும். பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் குடல் உறிஞ்சிக்கொள்ளும்.

சொல்தேடி | கோவை | திங்கள் காலை 10.30

அக்கா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேச வேண்டும். நம் ஊரில் ஐ.வி. ஊசியை ‘நரம்பு ஊசி’ என்கிறார்கள். நரம்பு என்பது மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் நூல். ரத்தம் ஓடுவது சிரை. மாநிலப் பாடநூல்களில் சிரை, தமனி என்றே இருக்கிறது. சிரைவழி, தசைவழி, தோலடி, தோலுள், நாவடி என்று ஐந்து சொல் போதும், எல்லோருக்கும் புரியும்படி தமிழில் எழுதலாம். எதற்கு ஐ.வி., எஸ்.எல்.?

செவிலி | பெருந்துறை | திங்கள் மாலை 5.10

தூங்கி எழுந்து பார்க்கிறேன். தோலடி, நாவடி இரண்டும் நல்ல சொல், இன்று முதல் நான் எழுதுகிறேன். தசைவழியும் சரி. ஆனால் ‘சிரைவழி’ என்று சொன்னால் எங்கள் வார்டில் ஒருவருக்கும் புரியாது. சிரைப்பது என்றால் சவரம்தான் மனதில் வரும். கையில் பச்சையாகத் தெரிவதைக் காட்டி ‘நரம்பு கிடைக்கலீங்களா?’ என்று கேட்பவரிடம், நரம்பு அது இல்லை என்று பாடம் எடுக்க நேரமும் இல்லை. நான் ‘ரத்தக் குழாயில் போடும் ஊசி’ என்றுதான் சொல்கிறேன். உண்மையான நரம்பில் ஊசி படுவதும் உண்டு. இடுப்பில் தவறான இடத்தில் போட்டால் கால் நரம்பு அடிபட்டுப் பாதம் தொங்கிவிடும். அப்போது ‘நரம்பூசி போட்டதால்’ என்று ஒரு குடும்பம் சொன்னால், டாக்டர் அதை ரத்தக் குழாய் ஊசி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது பாருங்கள். ஆக நரம்பு என்ற சொல்லை விட வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. மாற்றாக என்ன சொல் என்பதில்தான் நான் வேறுபடுகிறேன்.

சொல்தேடி | கோவை | திங்கள் மாலை 6.02

‘ரத்தக் குழாய் ஊசி’ நல்ல சொல். ஒத்துக்கொள்கிறேன்.

நூல்மில் மகள் | பல்லடம் | திங்கள் இரவு 8.25

என் அம்மா 19 வருடம் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். இழுப்பு. போன தையில் இழுப்புக்குப் புது மருந்து எழுதினார்கள், ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவி, கூடவே டப்பா நிறைய கேப்சூல். கடையில் கருவியைப் பிரித்தே காட்டவில்லை. அம்மா கருவியை அலமாரியில் வைத்துவிட்டு, கேப்சூலைத் தினமும் இரண்டு வேளை வெந்நீரில் விழுங்கினார். இரண்டு மாதம். ‘மருந்து சாப்பிட்டும் கேட்க மாட்டேங்குது கண்ணு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பிள்ளைகளோடு ஊருக்குப் போனபோதுதான் பார்த்தேன். கேப்சூலைக் கருவிக்குள் போட்டுத் திருகினால் உள்ளே உடைந்து பொடி விழும், அதை வாயில் வைத்து ஆழமாக உறிஞ்ச வேண்டும். முதல் தடவை உறிஞ்சிவிட்டு, பொடி தொண்டையில் பட்ட இனிப்பை உணர்ந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை.

எதற்காக உறிஞ்ச வேண்டும், விழுங்கினால் ஏன் கேட்பதில்லை என்று யாராவது சொல்லுங்கள். அம்மாவுக்கு இன்னும் மாத்திரைதான் வலு என்று நினைப்பு.

செவிலி | பெருந்துறை | திங்கள் இரவு 9.00

அம்மாவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் இருக்கும். அதே மருந்தை உறிஞ்சும்போது 200 மைக்ரோகிராம் போதும். 4 மில்லிகிராம் என்பது 4,000 மைக்ரோகிராம், ஆக இருபதில் ஒரு பங்கு. வேர் வாடியிருக்கும்போது வேருக்கே சொட்டுநீர் விடுகிற மாதிரி, மருந்து நுரையீரலுக்கே நேராகப் போய்விடுகிறது. மாத்திரையாக விழுங்கினால் உடம்பு முழுக்கச் சுற்றி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, பிறகுதான் நுரையீரலுக்குக் கொஞ்சம் வரும். உறிஞ்சும் கேப்சூலில் இருக்கும் அந்தச் சின்ன அளவை விழுங்கினால் ஒன்றுமே ஆகாது.

அவர் வாங்கியதில் ஸ்டீராய்டு சேர்ந்திருந்தால், உறிஞ்சியதும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும். உறிஞ்சிய பிறகு 10 விநாடி மூச்சைப் பிடித்திருக்கச் சொல்லுங்கள்.

ஆனைமலை அம்மிணி | பொள்ளாச்சி | செவ்வாய் காலை 7.40

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறவள். 2021-இல் திட்டம் தொடங்கியதிலிருந்து போகிறேன். எங்கள் தோப்பு ஊர்களில் மாத்திரைக்குப் பெயரே கிடையாது. ‘ரோஸ் மாத்திரை’, ‘பெரிய வெள்ளை’, ‘பாதி ஒடச்சுப் போடறது’. அடுத்த தடவை சப்ளை மாறி ரோஸ் மாத்திரை வெள்ளையாக வந்தால், ‘இது எனக்கு இல்லீங்’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் இப்போது அட்டையைக் கையில் கொடுத்து, ‘மெட்ஃபார்மின்’ என்று மூன்று முறை சொல்ல வைக்கிறேன். படிக்காத ஆத்தாக்கள்கூட இரண்டாம் மாதம் சொல்லிவிடுகிறார்கள். மெட்ஃபார்மின் எஸ்.ஆர். சாப்பிடும் ஒருவர் வெளியே போகும்போது மாத்திரை முழுசாக வருகிறது என்று பயந்து நிறுத்திவிட்டார். மருந்து உள்ளே கரைந்து போய்விடும், வருவது வெறும் கூடுதான் என்று டாக்டரிடம் கேட்டுச் சொன்ன பிறகே திரும்ப ஆரம்பித்தார்.

இன்சுலின் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, வயிற்றில் போட மறுப்பது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு வயிற்றில் ஊசி என்றாலே நாய்க்கடி ஞாபகம்தான். குன்னூரில் 1907-இலிருந்து இருக்கும் பாஸ்டர் நிலையத்தில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த தடுப்பு மருந்தை அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றித் தினமும் போடுவார்கள். அந்த வலியை நேரில் கண்டவர்கள் இவர்கள். அந்த மருந்து இப்போது இல்லை. இன்று நாய்க்கடிக்கு அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் தோலுக்குள் 0.1 மி.லி. வீதம், முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு தடவைதான். இன்சுலின் ஊசியோ மயிர் மாதிரி மெல்லியது. இதை எடுத்துச் சொன்னால் சம்மதிக்கிறார்கள்.

இரண்டாவது ஆபத்தானது. இன்சுலின் பாட்டில் மி.லி.க்கு 40 யூனிட்டும் இருக்கிறது, 100 யூனிட்டும் இருக்கிறது. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 பாட்டிலை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 50 யூனிட். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி ஆளே போய்விடுவார். பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி., 250 என்றும் ஒன்று உண்டு. சிரப் ஞாபகத்தில் சொட்டு மருந்தை ஒரு ஸ்பூன் ஊற்றிவிட்டால் 500 மி.கி. போய்விடும். 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மி.கி.தான் உச்சம்.

கால்நடை மருத்துவர் | தாராபுரம் | செவ்வாய் மதியம் 2.15

மனித மருத்துவப் பேச்சில் நான் நுழைவதற்கு மன்னிக்கவும். பொதுப்பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் துறையில் நடந்ததைச் சொல்கிறேன். மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் டைக்ளோஃபினாக் ஊசி போடுவது 90-களில் சர்வசாதாரணம். ஊசி போட்ட மாடு செத்தால் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக இறந்தன. மூன்று இனங்களில் 95 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டது. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-இல் கண்டறிந்தார்கள், 2006-இல் இந்தியா மாட்டுக்கு அதைத் தடை செய்தது. சத்தியமங்கலத்துக்கு மேலே மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கூட்டம் நம் பொறுப்பில் இருக்கிறது.

தடை வந்த பிறகு என்ன செய்தார்கள்? மனிதர்களுக்கான 30 மி.லி. பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-இல் மனித ஊசியை 3 மி.லி.க்கு மேல் அடைக்கக் கூடாது என்று விதி வந்தது. அடுத்து வேறு பெயரில் அசெக்ளோஃபினாக் வந்தது. பெயர் வேறுதான், ஆனால் மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. 2023-இல் அதையும் கீட்டோப்ரோஃபெனையும் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் கழுகுக்குப் பாதகமில்லாத மருந்து. காங்கேயம் மாடு வைத்திருப்பவர்கள் டாக்டர் ஊசி போடும்போது பிராண்டைக் கேட்காமல் உள்ளே என்ன மருந்து என்று கேளுங்கள். நாங்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கோபி மருந்தாளுநர் | கோபிசெட்டிபாளையம் | செவ்வாய் இரவு 9.30

டாக்டர் ஐயாவுக்கு நன்றி. இதோடு ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், இதுதான் நான் அதிகம் பயப்படுவது. மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். அதன் கூடவே ஃபோலிக் அமிலம் எழுதுவார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி ‘ஃபோல்’ என்று தொடங்கும் பிராண்டுகள் இருக்கின்றன. மாற்றி எடுத்து, வாரத்துக்கு ஒன்று விழுங்க வேண்டியதைத் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பட்டுப்போய் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை டப்பா மேலேயே எழுதிவையுங்கள். பெயர்க் குழப்பம் உலகமெங்கும் இருப்பதுதான். அமெரிக்காவில் லோசெக் என்ற வயிற்று மருந்தை லேசிக்ஸ் என்ற நீர் மருந்தோடு மாற்றிக் கொடுத்ததால் 1990-இல் பெயரையே பிரைலோசெக் என்று மாற்றினார்கள்.

கீழ்பவானிக்காரன் | காங்கேயம் பக்கம் | புதன் இரவு 8.50

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. மூன்று நாளாக ஒவ்வொரு வரியையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். இன்று சாயங்காலம் ஒரு நோட்டில் கோடு போட்டு வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் எழுதினேன். உள்ளே இருக்கும் மருந்து, அளவு, எந்த வழி, எந்த வேளை, எதற்கு. பிராண்டு பெயர் கடைசிக் கட்டத்தில். அப்பாவுக்கு ஐந்து, அம்மாவுக்கு ஆறு.

அம்மாவின் பக்கத்தை எழுதும்போது கை நின்றுவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் போடும் கேப்சூலில் பேன்டோபிரசோல் 40, டோம்பெரிடோன் 30 எஸ்.ஆர். என்று இருக்கிறது. மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் போடும் குட்டி மாத்திரை அட்டையைத் திருப்பினால் அதிலும் டோம்பெரிடோன் 10. வேறு வேறு இடத்தில் எழுதியது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 60 வருகிறது. இது சரியா, அண்ணா?

கோபி மருந்தாளுநர் | கோபிசெட்டிபாளையம் | புதன் இரவு 9.05

சரியில்லை தம்பி. டோம்பெரிடோன் ஒரு நாளைக்கு 30 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, இதயத் துடிப்பு தடுமாறும் ஆபத்து இருக்கிறது. இன்று ராத்திரி குட்டி மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். நாளை காலை முதல் வேலையாக அம்மாவை அவருடைய டாக்டரிடம் கூட்டிப்போங்கள், இரண்டு அட்டையையும் அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். நெஞ்சு படபடப்போ மயக்கமோ இப்போதே இருந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

கீழ்பவானிக்காரன் | காங்கேயம் பக்கம் | புதன் இரவு 9.12

படபடப்பு இல்லைங்க, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார். குட்டி மாத்திரை அட்டையைத் தனியே எடுத்து நோட்டுக்குள் வைத்துவிட்டேன். காலை 8 மணிக்குக் கிளம்புகிறோம்.